மீன் மிதக்காத குளம் சுத்தமான குளமா?

உடையார்கட்டுக் குளத்தின் கீழான வயல்களில் காலபோக விதைப்பு முடிந்து சில வாரங்களில் களைகொல்லி தெளிப்புத் தொடங்கிவிடும். அதன்பின் அறக்கொட்டிக்கு ஒன்று, இலைச்சுருட்டிக்கு இன்னொன்று என்று கதிர் முற்றும்வரை மருந்துகள் மாறிக்கொண்டிருக்கும். வேலை முடிந்ததும் தெளிகருவியை வாய்க்காலில் கழுவுவதும் வெற்றுப் போத்தலை வரம்போரம் வீசுவதும் வன்னியில் மட்டுமன்றி நெல் விளையும் ஊர்கள் பலவற்றிலும் காணக்கூடிய காட்சிகளே. இதனால் குளத்துக்கும் கிணற்றுக்கும் கேடு வராதா என்று கேட்டால் வழமையாகக் கிடைக்கும் பதில், "மீன் ஒண்டும் சாகேல்லையே" என்பதுதான்.

இந்தப் பதிலை அறியாமை என்று தள்ளிவிட நாம் விரும்பவில்லை. நஞ்சு என்றால் கொல்வது, அளவு கூடினால் கேடு கூடும், குறைந்தால் குறையும் என்ற கணக்கில்தான் அரசாங்கங்களும் நெடுங்காலம் இரசாயனங்களை மதிப்பிட்டு வந்தன. ஆனால் எதையும் கொல்லாமல், உயிரினத்தின் உடலுக்குள் ஓடும் செய்திகளை மாத்திரம் குழப்பிவிடும் இரசாயனங்கள் உள்ளன. அவற்றுக்கு மிதக்கும் மீன் அளவுகோலாகாது.

உடலின் வளர்ச்சி, பருவமடைதல், கருத்தரித்தல், மூளை விருத்தி ஆகியவற்றை ஓமோன்கள் வழிநடத்துகின்றன. சுரப்பிகளில் ஊறும் இவை மிகச் சொற்ப அளவில் இரத்தத்தில் கலந்து, தமக்குரிய கலங்களைச் சென்றடைந்து, பூட்டுக்குள் திறப்பு நுழைவதுபோலப் பொருந்தித் தமது கட்டளையைப் பிறப்பிக்கின்றன. சில பீடைகொல்லிகள், பிளாஸ்ரிக்கில் சேர்க்கப்படும் சில பொருட்கள், கருத்தடை மாத்திரையின் கழிவு ஆகியன இதே பூட்டுக்குக் கள்ளத் திறப்பாகின்றன. சில வேளைகளில் உண்மையான ஓமோனைப்போல நடிக்கும்; சில வேளைகளில் அது நுழையவிடாமல் அடைத்துக்கொள்ளும். இயற்கை ஓமோனே சொற்ப அளவில் வேலை செய்வதால் போலிக்கும் சொற்ப அளவு போதுமானது. எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதே இங்கு பெரிய கேள்வி. வளர்ந்தவரின் உடலில் வந்து போய்விடும் குழப்பம், கருவிலிருக்கும் சிசுவில் வாழ்நாள் முழுவதற்கும் பதிந்துவிடலாம்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள அப்போப்கா ஏரிக்கு அருகில் 1980 இல் ஒரு இரசாயனத் தொழிற்சாலையிலிருந்து டைகோபோல் என்ற பீடைகொல்லியும் அதனுடன் டி.டி.ரி.யும் சிந்தின. காலப்போக்கில் ஏரி நீர் தெளிந்தது. ஆனால் 1990களில் அங்குள்ள முதலைகளை ஆராய்ந்த லூயிஸ் கில்லெற் குழுவினர் ஆண் குட்டிகளின் உறுப்பு சிறுத்திருப்பதையும் ஆண் ஓமோன் குறைந்திருப்பதையும் கண்டனர். நீரைவிட்டு நீங்கிய நஞ்சு, கொழுப்பில் தங்கி முட்டை வழியே அடுத்த தலைமுறைக்குப் போயிருந்தது.

கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தின் ஒரு சிறிய ஏரியில் ஆராய்ச்சிக்கென்றே 2001 முதல் 2003 வரை கருத்தடை மாத்திரையிலுள்ள செயற்கை ஈஸ்ட்ரஜன் கலக்கப்பட்டது. லீற்றருக்கு ஏறத்தாழ 5 நனோகிராம் மாத்திரமே. ஒரு கிராமை நூறு கோடி பங்காக்கினால் வருவது ஒரு நனோகிராம். ஆண் மீன்களில் முட்டைக்குரிய புரதம் ஊறியது. சில ஆண்டுகளில் அங்கிருந்த ஒரு சிறுமீன் இனம் ஏறக்குறைய இல்லாமற் போயிற்று. மீன்கள் கூட்டமாகச் செத்து மிதக்கவில்லை. குஞ்சுகள் பிறக்கவில்லை, அவ்வளவுதான்.

களைகொல்லிகளும் விலக்கல்ல. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரைரோன் ஹேய்ஸ் 2002 இல் வெளியிட்ட ஆய்வின்படி, அத்திரசின் என்ற களைகொல்லி லீற்றருக்கு 0.1 மைக்கிரோகிராம் அளவிலேயே ஆண் தவளைகளில் பெண்ணுறுப்புகளைத் தோற்றுவித்தது. அமெரிக்காவில் குடிநீருக்கு அனுமதிக்கப்பட்ட அளவு இதைப்போல 30 மடங்கு. உற்பத்தியாளர் தரப்பு இம்முடிவை மறுத்து நெடுங்காலம் வாதாடியது என்பதையும் சொல்லவேண்டும்.

இவையெல்லாம் தொலைதேசக் கதைகள் என்று எண்ணுவோர்க்குக் காசர்கோட்டைச் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். கேரளத்தின் வடகோடியிலுள்ள அம்மாவட்டத்தில் அரச தோட்டக் கூட்டுத்தாபனத்தின் முந்திரித் தோட்டங்கள்மீது 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகொப்டர் மூலம் எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. குன்றுகளில் தோட்டம், அடிவாரத்தில் ஊர். மழைநீர் மருந்தைச் சுமந்து ஓடைகளில் இறங்கியது. அந்த நீரையே மக்கள் குடித்தனர். பத்ரே போன்ற கிராமங்களில் ஊனத்தோடும் மூளை வளர்ச்சிக் குறைவோடும் குழந்தைகள் அடுத்தடுத்துப் பிறக்கக் கண்ட உள்ளூர் வைத்தியர் ஒருவரும் பத்திரிகையாளர் ஒருவருமே முதலில் குரல் எழுப்பினர்.

இந்தியாவின் தேசிய தொழிற்சுகாதார நிறுவனத்தினர் அங்கு 117 ஆண் பிள்ளைகளைப் பரிசோதித்து, மருந்து படாத வேறோர் ஊரின் 90 பிள்ளைகளுடன் ஒப்பிட்டு 2003 இல் முடிவை வெளியிட்டனர். பாதிக்கப்பட்ட ஊர்ப் பிள்ளைகளிடம் பருவமடைதல் பிந்தியிருந்தது. ஆண் ஓமோன் சுரப்பில் தடங்கல் காணப்பட்டது. தெளிப்பு நின்று பல மாதங்கள் கடந்திருந்தும் அவர்களின் இரத்தத்தில் எண்டோசல்பான் எஞ்சியிருந்தது. நோயாளிகள் என்று எவரும் சொல்லியிராத, பாடசாலைக்குச் சென்று விளையாடித் திரிந்த பிள்ளைகள் இவர்கள். 2011 மே 13 இல் இந்திய உச்ச நீதிமன்றம் அம்மருந்தைத் தடைசெய்தது. அதே ஆண்டில் ஸ்ரொக்ஹோம் சமவாயமும் அதனை உலகளவில் ஒழிக்கவேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 இலட்சம் ரூபா வழங்குமாறு நீதிமன்றம் 2017 இல் கட்டளையிட்டும், 2022 வரை பலருக்கும் அப்பணம் கிடைத்திருக்கவில்லை என்பது தனிக்கதை.

இலங்கை எண்டோசல்பானை 1998 இலேயே தடைசெய்துவிட்டது. பெருமைப்படத்தக்க முடிவுதான். ஆனால் அம்முடிவுக்குக் காரணம் குளமோ தவளையோ அன்று. மருந்தைக் குடித்து உயிர்மாய்ப்போரின் தொகை அன்று நாட்டை உலுக்கிக்கொண்டிருந்தது. அந்தத் தடைகளால் பல்லாயிரம் உயிர்கள் காக்கப்பட்டன. எனினும், குடித்தால் கொல்லுமா என்ற ஒரே கேள்விக்குப் பழகிய கண், குடிப்பவரைப் பெரும்பாலும் கொல்லாத மருந்தைப் பாதுகாப்பானது என்று கருதிவிடும் ஆபத்து இருக்கிறது. குளோர்பைரிபோஸ் இதற்கு உதாரணம். நெல்லுக்கும் மரக்கறிக்கும் இந்நாட்டில் தாராளமாக அடிக்கப்பட்டு வந்த இம்மருந்து சிசுக்களின் மூளை விருத்தியைப் பாதிக்கும் என்ற அச்சத்தால் ஐரோப்பிய ஒன்றியம் 2020 இல் அதனைக் கைவிட்டது; 2025 இல் ஸ்ரொக்ஹோம் சமவாயப் பட்டியலிலும் அது சேர்ந்தது. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இம்மருந்து உட்பட நான்கு விவசாய இரசாயனங்களை நம் நாட்டு மரத்தவளையின் வாற்பேத்தைகளில் பரிசோதித்து, பிழைத்த குஞ்சுகளிடையே உருக்குறைபாடுகளைக் கண்டு 2010 இல் எழுதியிருந்தனர்.

ஒன்றை இங்கே பிரித்துச் சொல்லவேண்டும். வடமத்திய மாகாணத்தில் 1990களில் இனங்காணப்பட்டு வவுனியா, முல்லைத்தீவு எல்லைக் கிராமங்களையும் தொட்டுள்ள சிறுநீரக நோய்க்கு இதுதான் காரணம் என்று நாம் கூறவில்லை. அதன் காரணம் இன்னும் முடிவாக நிறுவப்படவில்லை. இரண்டையும் ஒன்றாக்கிப் பீதி கிளப்புவது விவசாயிக்கும் நோயாளிக்கும் உதவாது.

வன்னியின் நில அமைப்பு இவ்விடயத்தில் கூடுதல் கவனத்தைக் கோருகிறது. மேற்குளத்தின் வயலில் வடியும் நீர் கீழ்க்குளத்தில் சேர்வதும், குளம் நிறைந்தால் அயற்கிணறுகள் ஊறுவதும் நம் முன்னோர் கண்ட ஏற்பாட்டின் சிறப்பு. மருந்து கலந்துவிட்டால் அதே சிறப்பே அதனை ஊரூராகக் கடத்தும். கிழக்கிலும் நிலைமை வேறன்று. கல்லோயாவின் இடதுகரை வாய்க்கால் சிங்களக் குடியேற்றங்களைக் கடந்து முஸ்லிம், தமிழ் விவசாயிகளின் வயல்களுக்குப் பாய்ந்து, வடிச்சலாக மட்டக்களப்பு வாவியின் தென்பாகத்தை நோக்கிச் செல்கிறது. அங்கு மீன் பிடிப்பவனின் பிள்ளை உண்பதில் மேலே எவர் எதைத் தெளித்தார் என்பதும் அடங்கியிருக்கிறது.

பழியை விவசாயியின் தலையில் சுமத்த நாம் இதை எழுதவில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் யூரியாகூடக் கிடைக்காது பயிர்செய்தவர்கள் இவர்கள். 2009 இன் பின்னர் கடைகளில் மருந்து குவிந்தபோது அதன் குணம் குற்றங்களைச் சொல்லிக்கொடுக்கப் போதிய விவசாயப் போதனாசிரியர்கள் இருக்கவில்லை. 2021 இல் உரமும் மருந்தும் ஒரே இரவில் நிறுத்தப்பட்டபோது விளைச்சல் விழுந்து நட்டப்பட்டவர்களும் இவர்களே. அத்தகைய கண்மூடித்தனமான தடையை நாம் கோரவில்லை. மருந்தடித்த வயலின் நீரை முதற் சில நாட்களுக்கு வடியவிடாது மறித்து வைக்கலாம். தெளிகருவியைக் கழுவிய நீரை வாய்க்காலில் ஊற்றாது வயலிலேயே விடலாம். வெற்றுப் போத்தல்களைக் கடைகளே திரும்பப் பெறலாம். இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை.

பணமும் அரசின் கையும் தேவைப்படுவது அறிவதற்குத்தான். 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் மருந்துகளைப் பதிவுசெய்யும் பதிவாளர், கொல்லும் தன்மையுடன் ஓமோனைக் குழப்பும் தன்மையையும் ஆராய்ந்தே அனுமதி வழங்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் இதற்கான அளவுகோல்களை 2018 இல் சட்டமாக்கியிருப்பதால் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. உள்ளூரில், உடையார்கட்டைப் போன்ற ஒரு குளத்தைத் தெரிந்தெடுத்து, காலபோகத் தெளிப்புக்கு முன்னும் பின்னும் நீரை மட்டுமன்றி அடிச்சேற்றையும் மீனின் கொழுப்பையும் தவளை முட்டைகளையும் பரிசோதிக்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. அங்கிருந்து உடையார்கட்டு அதிக தூரமில்லை.