முதல் ஆறாயிரம் நம்ம தலையில

கோவில்பட்டியில் முப்பது வருஷம் பலசரக்குக் கடை நடத்தியவர் என் அப்பா. பற்று எழுதிப் போகிறவர்களின் பாக்கி எல்லாம் நோட்டைப் புரட்டாமலேயே அவர் வாயில் வரும். அவருக்கு ஒரு கணக்கு விளங்கவில்லை என்றால் கணக்கில்தான் கோளாறு என்று நம்பி வளர்ந்தவள் நான். அந்த அப்பா நாலைந்து வருஷமாக ஒவ்வொரு நவம்பரிலும் போனில் இதையே கேட்கிறார்: "மாசாமாசம் சம்பளத்துல பிடிக்கான்ல? பிறவு டாக்டர்ட்ட போனா ஏம்மா மறுபடியும் காசு கேக்கான்?"

நாங்கள் இருப்பது டெக்ஸஸில், டாலஸுக்கு வடக்கே பிளேனோவில். இந்த ஊரில் தீபாவளிப் பலகாரம் தீர்கிற நேரத்தில் கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வரும். அடுத்த வருஷத்துக்கான மருத்துவக் காப்பீட்டை இரண்டு வாரத்துக்குள் தேர்ந்தெடுங்கள் என்பார்கள். தவறவிட்டால், குழந்தை பிறப்பது, வேலை போவது மாதிரி ஏதாவது நடந்தால் ஒழிய, அடுத்த நவம்பர்வரை மாற்ற முடியாது. என் கணவரின் கம்பெனியில் இருப்பது இரண்டே பிளான். ஒன்று கோ-பே. இன்னொன்று, பெயரிலேயே பயமுறுத்தும் உயர் டிடக்டிபிள்.

அப்பாவுக்குச் சொன்னது போலவே இங்கேயும் சொல்லிவிடுகிறேன். கோ-பே பிளானில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் சம்பளத்தில் 240 டாலர் பிடிப்பார்கள். வருஷத்துக்கு 26 சம்பளம், ஆக 6,240. டாக்டரைப் பார்க்கப் போனால் வாசலிலேயே 30 டாலர் கட்ட வேண்டும். ஸ்பெஷலிஸ்ட் என்றால் 60, எமர்ஜென்சி என்றால் 350. பில் எவ்வளவு ஆனாலும் மீதி அவர்கள் பாடு. ஆஸ்பத்திரியில் படுத்தால் மட்டும் பில்லில் 20 சதவீதம் நம்முடையது. ஆனால் வருஷம் முழுவதற்கும் சேர்த்துக் குடும்பத்திடம் 9,000 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது.

இன்னொரு பிளானில் சம்பளப் பிடித்தம் 130 டாலர்தான். வருஷத்துக்கு 3,380. அதற்கு மேல் கம்பெனியே 1,000 டாலரை ஒரு தனிக் கணக்கில் போட்டுத் தரும். பதிலுக்கு, ஜனவரி ஒன்றாம் தேதியிலிருந்து குடும்பத்தின் வைத்தியச் செலவில் முதல் 6,000 டாலர் முழுக்க நாம்தான் கட்ட வேண்டும். இந்த ஆறாயிரம்தான் டிடக்டிபிள். அதைத் தாண்டிய பிறகே அவர்கள் 80 சதவீதம் தருவார்கள். உச்சவரம்பு 12,000.

அப்பா சட்டென்று பிடித்துக்கொண்டார். "சரி, முதல் ஆறாயிரம் நம்ம தலையில. அவ்வளவுதான?"

அவ்வளவுதான். ஆனால் தேர்ந்தெடுப்பது அங்கே முடியவில்லை. 2021 நவம்பரில் என் கணவர் எக்செல் தாளைத் திறந்து உட்கார்ந்தார். நோய் நொடியே இல்லாத வருஷம் என்றால் கோ-பேயில் 6,240 போகும், மற்றதில் கம்பெனி தரும் ஆயிரத்தைக் கழித்தால் 2,380 தான். சரி, படுமோசமான வருஷம்? இரண்டு பேர் ஆஸ்பத்திரியில் படுத்து பில் லட்சம் டாலரைத் தொட்டாலும் கோ-பேயில் 15,240, மற்றதில் 14,380. அதிலும் உயர் டிடக்டிபிள்தான் மலிவு. நல்ல வருஷத்திலும் மோசமான வருஷத்திலும் அதுதான் ஜெயிக்கிறது என்றால் யோசிக்க என்ன இருக்கிறது? பட்டனை அழுத்தினோம்.

இடையில் ஒரு வருஷம் இருக்கிறது என்பதை நாங்கள் நினைக்கவில்லை. யாரும் ஆஸ்பத்திரியில் படுக்க மாட்டார்கள், ஆனால் மாதத்துக்கு ஒருமுறையாவது டாக்டர் வீட்டு வாசலில் நிற்போம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் முக்கால்வாசி வருஷங்கள் அப்படித்தான். எங்கள் மகனுக்கு அப்போது ஆறு வயது, இழுப்பு உண்டு. 2022-இல் அவனுக்கு ஆன செலவைப் பிற்பாடு இரண்டு பிளானிலும் போட்டுப் பார்த்தேன். டாக்டர் 14 தடவை, ஸ்பெஷலிஸ்ட் 4 தடவை, மாதம் ஒரு இன்ஹேலர், ஒரே ஒரு எமர்ஜென்சி. கோ-பேயாக இருந்திருந்தால் பிரீமியத்தோடு 7,730 டாலர். எங்கள் பிளானில் பில்கள் மொத்தம் 7,500 ஆகி, முதல் ஆறாயிரத்தையும் மீதியில் ஐந்தில் ஒரு பங்கையும் கட்டி, 8,680-இல் வந்து நின்றது. 950 டாலர் நஷ்டம்.

பணம் போனது கூடப் பரவாயில்லை. பிப்ரவரியில் ஒரு ராத்திரி. ஒன்றரை மணிக்கு அவன் நெஞ்சில் விசில் சத்தம் கேட்டு எழுந்தேன். விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வருகிறது. இன்ஹேலர் கொடுத்தோம், கொஞ்சம் அடங்கியது, மறுபடி தொடங்கியது. நானும் அவரும் ஹாலில் நின்றோம். இரண்டு பேர் மனசிலும் ஓடியது ஒன்றுதான், வாய்விட்டுச் சொல்லத்தான் கூசியது. ஜனவரி பிறந்து ஆறு வாரம்தான் ஆகிறது. டிடக்டிபிளில் நூறு டாலர் கூடக் கழியவில்லை. இப்போது எமர்ஜென்சிக்குப் போனால் மொத்தப் பில்லும் நம் கையிலிருந்து. "அர்ஜென்ட் கேர் காலைல எட்டு மணிக்குத் திறந்துருவாங்கல்ல?" என்றார் அவர். "ஆமா, இப்ப கொஞ்சம் பரவால்லதானே" என்றேன் நான்.

எமர்ஜென்சியைவிட மலிவான அந்தக் கிளினிக்குக்கு எட்டு மணிக்குப் போனோம். ஆக்ஸிஜனைப் பார்த்துவிட்டு உடனே எமர்ஜென்சிக்கே அனுப்பினார்கள். அங்கே நர்ஸ் கேட்டார், எப்போதிலிருந்து இப்படி மூச்சு விடுகிறான் என்று. ஒன்றரையிலிருந்து என்றேன். அந்த அம்மாள் சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். வேறெதுவும் கேட்கவில்லை. பையன் சாயங்காலம் வீட்டுக்கு வந்து தோசை சாப்பிட்டான்.

எக்செல் தாளில் அந்த ஹாலுக்கு இடமில்லை. ஆனால் இந்த நாட்டில் அதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1974-இலிருந்து 1982 வரை ராண்ட் நிறுவனம் ஜோசப் நியூஹவுஸ் என்ற பொருளியலாளர் தலைமையில் சுமார் 2,750 குடும்பங்களை வைத்து ஒரு சோதனை நடத்தியது. சிலருக்கு வைத்தியம் முழுக்க இலவசம், மற்றவர்களுக்கு வெவ்வேறு அளவில் கைக்காசு. கைக்காசு கொடுத்தவர்கள் டாக்டரிடம் போவது குறைந்தது. ஆனால் தேவையில்லாத வைத்தியத்தை மட்டும் அவர்கள் குறைக்கவில்லை, தேவையானதையும் சேர்த்தே குறைத்தார்கள். சராசரி ஆள் உடம்புக்குப் பெரிய கெடுதல் இல்லை. வசதி குறைந்தவர்களில் ஏற்கெனவே ரத்த அழுத்தம் மாதிரித் தொல்லை இருந்தவர்களைத்தான் அது பாதித்தது. எது தேவை, எது தேவையில்லை என்று நோயாளியே எப்படிக் கண்டுபிடிப்பார்? இரவு ஒன்றரை மணிக்கு நானே கண்டுபிடிக்கவில்லையே.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் காப்பீட்டு முறை பிறந்ததே எங்கள் டாலஸில்தான். 1929-இல் பேய்லர் ஆஸ்பத்திரியை நிர்வகித்த ஜஸ்டின் ஃபோர்டு கிம்பல், ஊர் ஆசிரியர்களிடம் மாதம் 50 சென்ட் வாங்கிக்கொண்டு, வருஷத்துக்கு 21 நாள் ஆஸ்பத்திரிப் படுக்கையைத் தருவதாகச் சொன்னார். பிற்பாடு புளூ கிராஸ் என்று வளர்ந்தது அதிலிருந்துதான். ஐம்பது சென்ட்டில் தொடங்கியது ஆறாயிரம் டாலர் டிடக்டிபிளுக்கு வந்து நிற்பதற்குள் எழுபது எண்பது வருஷக் கதை ஓடிவிட்டது. அதில் நமக்கு வேண்டியது 2003 டிசம்பரில் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட சட்டம். உயர் டிடக்டிபிள் எடுப்பவர்கள் தங்களுக்கென்று ஒரு மருத்துவச் சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்றது அது. இங்கே எல்லோரும் ஹெச்எஸ்ஏ என்பார்கள். கம்பெனி ஆயிரம் டாலர் போடுவதும் இதில்தான்.

இந்தக் கணக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பிளேனோ தமிழர்களுக்கு நேரம் போவது தெரியாது. போடும் பணத்துக்கு வரி இல்லை, வளர்வதற்கு வரி இல்லை, வைத்தியத்துக்கு எடுத்தாலும் வரி இல்லை. 2026-இல் ஒரு குடும்பம் கம்பெனி தருவதையும் சேர்த்து 8,750 டாலர்வரை போடலாம். வருஷக் கடைசியில் காலாவதி ஆகாது, வேலை மாறினாலும் நம்முடையது. பில்லுக்கான பணத்தை உடனே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் இல்லை, கணக்கு தொடங்கிய பிறகான எந்த வைத்தியச் செலவுக்கும் பத்து வருஷம் கழித்துக்கூட எடுக்கலாம். என் தோழி ஒருத்தி ரசீதுகளை எல்லாம் மொய் நோட்டு மாதிரி தேதி போட்டு அடுக்கி வைத்திருக்கிறாள். லீவில் மதுரைக்குப் போனபோது செய்த ரூட் கெனாலின் ரசீதும் அதில் உண்டு. வெளிநாட்டுப் பல் வைத்தியத்துக்கும் இந்தக் கணக்கிலிருந்து எடுக்கலாம். ஒரு குழி மட்டும் இருக்கிறது. கணவன், மனைவி இருவரும் வேலை பார்க்கிற வீட்டில், ஒருவர் தன் கம்பெனியில் எஃப்எஸ்ஏ என்ற சாதாரண மருத்துவக் கணக்கு எடுத்திருந்தால், அந்த வருஷம் மற்றவர் ஹெச்எஸ்ஏவில் பணம் போடக் கூடாது. தெரியாமல் போட்டுவிட்டு வரித்துறைக்குத் திருத்தம் எழுதிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இங்கேதான் எங்கள் கணக்கு திரும்புகிறது. 2022-இல் நாங்களும் அந்தக் கணக்கில் 5,300 டாலர் போட்டிருந்தால், எங்கள் வருமானத்துக்கு வரியிலேயே 1,500 டாலருக்கு மேல் மிச்சமாகியிருக்கும். 950 டாலர் நஷ்டம் என்றேனே, அது லாபமாக மாறியிருக்கும். ஏன் போடவில்லை? வீடு வாங்க முன்பணம் கட்டிக் கையைத் துடைத்திருந்தோம். ஆறாயிரம் டாலர் ஏற்கெனவே வைத்திருக்கிறவருக்கு மலிவாகக் கிடைக்கிற பிளான் அது. சம்பளத்தில் பிடித்தம் குறைகிறதே என்று கைக்காசு இல்லாதவர்களும் அதில் போய் விழுகிறார்கள். எங்களைப் போல.

அடுத்த நவம்பரில் கோ-பேவுக்கு மாறினோம். அதிகப் பிரீமியம் என்று என் கணவர் முணுமுணுத்தார். நான் கேட்கவில்லை. கோ-பேயில் இருந்த இரண்டு வருஷத்தில் பையனை டாக்டரிடம் எத்தனை தடவை கூட்டிப் போனோம் என்று எனக்கு நினைவில்லை. நினைவில்லாததற்குத்தான் அந்தப் பணம்.

இடையில் இன்னொன்றும் தெரிந்தது. வருடாந்திரப் பரிசோதனை, தடுப்பூசி இரண்டும் அநேகமாக எல்லாப் பிளானிலும் இலவசம், 2010 சட்டம் அப்படி. அது எங்களுக்கும் தெரியும். தெரியாதது, 2019 ஜூலையில் வரித்துறை கொடுத்த அனுமதி. சர்க்கரைக்கான இன்சுலின், ஆஸ்துமாவுக்கான ஸ்டீராய்டு இன்ஹேலர் போன்ற சிலவற்றுக்கு டிடக்டிபிள் முடியும்முன்பே காப்பீடு பணம் தரலாம். "தரலாம்" தான், "தர வேண்டும்" இல்லை. சில பிளான் தரும், சில தராது. எங்களுடையது அப்போது தரவில்லை. வீட்டில் தினசரி மருந்து சாப்பிடுகிறவர் இருந்தால் பிரீமியத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த மருந்துப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். கூடவே இன்னொரு கேள்வி: டிடக்டிபிள் ஆளுக்கு ஆள் தனியா, குடும்பத்துக்கே ஒரே உண்டியலா? எங்களுடையது ஒரே உண்டியல். ஒரு பிள்ளை மட்டும் நோயாளி என்றால் அந்த ஒருவன் செலவே ஆறாயிரத்தை நிரப்ப வேண்டும்.

டிசம்பரில் ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷனுக்குத் தேதி கிடைக்காமல் அலைகிறவர்களைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். டிடக்டிபிள்தான் கட்டியாகிவிட்டதே, ஜனவரி பிறந்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்து, அதற்குள் முழங்காலையும் குடலிறக்கத்தையும் முடித்துக்கொள்வோம் என்று வரிசையில் நிற்கிறார்கள். அப்பா ரொம்ப நேரம் சிரித்தார். "ஆடித் தள்ளுபடி மாதிரில்லா இருக்கு."

இப்போது மகனுக்கு இழுப்பு ரொம்பக் குறைந்துவிட்டது. கோ-பே வருஷங்களில் மாதாமாதம் ஒதுக்கி, யாரும் தொடக் கூடாது என்று சொல்லி ஒரு கணக்கில் ஆறாயிரம் சேர்த்தோம். சேர்ந்த பிறகே உயர் டிடக்டிபிளுக்குத் திரும்பினோம். கம்பெனியின் புதுப் பட்டியலில் இன்ஹேலரும் இருக்கிறது. வரி மிச்சத்தை என் கணவர் மறுபடியும் எக்செல்லில் போட்டுக் காட்டுகிறார், நானும் தலையாட்டுகிறேன். ராத்திரி அவன் இருமினால் இரண்டு பேரும் இன்னும் எழுந்து உட்காருகிறோம். ஹாலில் நின்று பேசுவது மட்டும் நின்றுவிட்டது. கார் சாவி எடுக்கிறவர் எடுப்பார்.

போன வாரம் இதை எல்லாம் அப்பாவிடம் ஒப்பித்து முடித்தேன். வர்ற கோடையில் அவரும் அம்மாவும் ஆறு மாசம் இங்கே வந்து இருப்பதாகப் பேச்சு.

"எங்களையும் இந்தப் பிளான்ல சேர்த்துருவியாம்மா?"

"முடியாதுப்பா. விசிட்டருக்குத் தனி இன்ஷூரன்ஸ் எடுக்கணும்."

"அதுலயும் டிடக்டிபிள் உண்டுமா?"

"உண்டுப்பா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் அம்மா மிக்ஸி ஓடவிடுவது கேட்டது.

"அப்ப லீவுக்கு நீங்களே பிள்ளைகளக் கூட்டிட்டு இங்க வந்துருங்க."