நம்பர் பலகையில் துப்பாக்கிக் கொள்கை!

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் காலை ஒன்பது மணிக்கு நின்று பாருங்கள். பஸ், லாரி, ஆட்டோ, மோட்டார் சைக்கிள்... எத்தனை வண்டிகள்! ஒவ்வொன்றும் ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டே போகிறது. லாரியின் நெற்றியில் "முருகன் துணை". ஆட்டோவின் முதுகில் "பிரசவத்துக்கு இலவசம்". கார்க் கண்ணாடியில் பிள்ளைகளின் பெயர்கள்.

இப்படி உடம்பெல்லாம் எழுதிக்கொண்டாலும், ஓர் இடத்தில் மட்டும் சொந்தக்காரர் இஷ்டம் செல்லாது. அதுதான் நம்பர் பலகை!

"டி.என். 12" என்று தொடங்கினால், அது பூந்தமல்லி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவான வண்டி. வெள்ளைப் பலகை என்றால் சொந்த வண்டி. மஞ்சள் என்றால் வாடகை வண்டி. பச்சை என்றால் மின்சாரத்தில் ஓடுவது. பக்கத்து ஆவடியில் ராணுவ வண்டிகளையும் பார்க்கலாம். அவற்றின் பலகையில் மேல்நோக்கிய அம்புக்குறி இருக்கும். அவ்வளவுதான். சாமி பெயர், சாதிப் பெயர், கட்சிச் சின்னம் எதற்கும் அங்கே இடமில்லை.

ஆனால் அமெரிக்காவில் கதையே வேறு.

பாம்பும் பீரங்கியும்

அங்கே 50 மாநிலங்கள். ஒவ்வொன்றும் தனக்கென நம்பர் பலகை அடித்துக் கொடுக்கிறது. சாதாரணப் பலகை வேண்டாம் என்பவர்கள், கூடுதல் பணம் கட்டி விசேஷப் பலகை வாங்கலாம். படித்த கல்லூரியின் சின்னம், பிடித்த விளையாட்டுக் குழு, காட்டு விலங்குகள் என்று பல வகை உண்டு. கட்டும் பணத்தில் ஒரு பகுதி அந்தந்தச் சங்கத்துக்குப் போகும்.

இதில் துப்பாக்கியும் புகுந்துவிட்டது!

கான்சஸ் மாநிலத்தில் 2021-ல் ஒரு சட்டம் வந்தது. மஞ்சள் நிறத்தில் ஒரு பலகை. அதில் சுருண்டு கிடந்து சீறும் பாம்பு. "என்னை மிதிக்காதே" என்று ஒரு வாசகம். பிரிட்டிஷாரை எதிர்த்து அமெரிக்கர்கள் போரிட்ட 1775-ம் ஆண்டுக் கொடியில் இருந்த பாம்பு இது. இந்தப் பலகையால் வரும் தொகை, துப்பாக்கி உரிமைக்காகப் பாடுபடும் மாநில ரைபிள் சங்கத்துக்கு!

டெக்சாஸ் மாநிலத்தில் இன்னொரு பலகை. அதில் ஒரு பீரங்கி. "வந்து எடுத்துப் பார்!" என்று சவால். 1835-ல் கொன்சாலஸ் என்ற ஊரில் இருந்த பீரங்கியைத் திரும்பப் பெற மெக்சிகோ சிப்பாய்கள் வந்தபோது, ஊர் மக்கள் கொடியில் எழுதிக் காட்டிய வாசகம் அது. இன்று அதே வாசகத்தைத் துப்பாக்கிப் பிரியர்கள் சர்க்காரைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

நமக்கு இது வேடிக்கையாக இருக்கும். காரணம், துப்பாக்கி வைத்திருப்பது அங்கே அரசியல் சட்டம் தந்த உரிமை. 1791-ல் செய்த திருத்தம் அதைச் சொல்கிறது. இங்கே அது லைசென்சு.

1878-ல் வெள்ளைக்கார ஆட்சி ஆயுதச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியர்கள் லைசென்சு வாங்க வேண்டும், வெள்ளையர்களுக்கு விலக்கு! சுதந்திர இந்தியா அந்த ஓரவஞ்சனையை நீக்கி, 1959-ல் புதிய சட்டம் செய்தது. ஆனாலும் லைசென்சு முறை தொடர்ந்தது. 2019 முதல் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. தேர்தல் வந்தால், லைசென்சு உள்ளவர்களும் துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கும்படி உத்தரவு வரும். "வந்து எடுத்துப் பார்" என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை!

வாசகத்தை மறைத்தவர்

சரி, பலகையில் இருக்கும் வாசகம் யாருடையது? வண்டிக்காரருடையதா, சர்க்காருடையதா?

இந்தக் கேள்விக்காக ஒருவர் ஜெயிலுக்கே போனார். அவர் பெயர் ஜார்ஜ் மேனார்டு. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக்காரர். அந்த மாநிலத்தின் கார்ப் பலகைகளில் "சுதந்திரமாய் வாழ், இல்லையேல் செத்து மடி" என்று அச்சிட்டிருந்தார்கள். மேனார்டும் அவர் மனைவியும் யெகோவா சாட்சிகள் சபையைச் சேர்ந்தவர்கள். "உயிரைவிட நாட்டு விவகாரம் பெரிதல்ல. இந்த வாசகத்தை நான் சுமக்க மாட்டேன்" என்பது அவர் கட்சி. வாசகத்தை மறைத்து ஒட்டிவிட்டார்.

1974-ல் போலீசார் பிடித்தார்கள். அபராதம் போட்டார்கள். மறுபடியும் மறைத்தார். மறுபடியும் வழக்கு! அபராதம் கட்ட மறுத்ததால் 15 நாள் சிறைவாசம். மனிதர் அசையவில்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1977-ல் தீர்ப்பு வந்தது: "நம்பாத ஒரு கொள்கையை ஊர் ஊராகச் சுமந்து திரியும்படி ஒரு குடிமகனைக் கட்டாயப்படுத்த முடியாது."

சாதாரணக் குடும்பஸ்தர் ஒருவர் ஒரு மாநில சர்க்காரையே ஜெயித்துவிட்டார்!

அடுத்த வழக்கு இதற்கு நேர் எதிர். டெக்சாசில் சுமார் 350 வகை விசேஷப் பலகைகள் இருந்தன. ஒரு சங்கம், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் கொடியைப் பலகையில் போடக் கேட்டது. மாநிலம் மறுத்தது. 2015-ல் சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகளில் 5 பேர் மாநிலத்தின் பக்கம் நின்றார்கள். "பலகையில் இருப்பது சர்க்காரின் பேச்சு. எதைப் பேசுவது என்று சர்க்காரே தீர்மானிக்கலாம்" என்றார்கள். மற்ற 4 பேர் ஒப்பவில்லை. "கோல்ப் ஆடத்தான் ஆசை" என்று ஒரு பலகை சொன்னால், அதுவும் சர்க்காரின் ஆசையா என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்!

தீர்ப்பின்படி பார்த்தால், சீறும் பாம்பும் பீரங்கியும்கூட சர்க்காரின் பேச்சு ஆகிவிடுகின்றன. துப்பாக்கியை வெறுப்பவர்களும் அந்த மாநிலத்தில் வரி கட்டுகிறார்கள் அல்லவா?

65 மில்லிமீட்டர்

நம் சட்டம் இந்த வம்பையே வைத்துக்கொள்ளவில்லை. காரின் பலகையில் எழுத்து 65 மில்லிமீட்டர் உயரம், 10 மில்லிமீட்டர் தடிமன். 2019 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளுக்கு அலுமினியப் பலகை. அசோகச் சக்கர முத்திரை. எளிதில் கழற்ற முடியாத பூட்டு. சென்னையில் 2024 மே மாதம், பலகையில் ஸ்டிக்கர் ஒட்டியவர்கள் மீது போக்குவரத்துப் போலீசார் நடவடிக்கையில் இறங்கினார்கள். விதி மீறினால் முதல் தடவை 500 ரூபாய் வரை அபராதம். மறு தடவை 1,500 ரூபாய் வரை.

பதிவு எழுத்து ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்பதும் விதி. தமிழ்ப் பற்றால் "த.நா." என்று எழுதிக்கொள்பவர்கள் உண்டு. அவர்களுக்குக் கோபம் வருவது இயல்பே. ஆனால் பூந்தமல்லி வழியே போகும் சாலை பெங்களூர் வரை நீள்கிறது. அங்குள்ள போலீஸ்காரரும் எண்ணைப் படித்தாக வேண்டுமே!

படிப்பது போலீஸ்காரர் மட்டுமல்ல. இருட்டில் ஒரு வண்டி ஒருவரை மோதிவிட்டு ஓடுகிறது. பக்கத்தில் நின்றவர் கண்ணில் படுவது அந்தப் பலகை ஒன்றுதான். எண் கிடைத்தால், குடும்பத்தார் விபத்து வழக்குகளுக்கான தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாம். இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பி இருந்தவர்கள் எல்லாவற்றையும் கணக்கிட்டு நஷ்டஈடு கிடைக்கும்.

எண் கிடைக்காவிட்டால்? 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மத்திய சர்க்கார் திட்டப்படி, உயிர் போனால் 2 லட்சம் ரூபாய்; பலத்த காயம் என்றால் 50 ஆயிரம் ரூபாய். கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் நிலையில் உள்ள விசாரணை அதிகாரியிடம் இதற்கு மனுக் கொடுக்க வேண்டும்.