அடர் மஞ்சள் சிறுநீர்: எப்போது கவலைப்பட வேண்டும்?

பூச்சோங்கிலிருந்து காலை ஆறரைக்கே வண்டியைக் கிளப்புகிறீர்கள். எல்டிபி நெடுஞ்சாலை நெரிசலில் சிக்கினால் கழிப்பறைக்கு ஒதுங்க இடமில்லை என்பதால் தண்ணீரும் குடிப்பதில்லை. வேலையிடம் சேர்ந்ததும் ஒரு கோப்பி. பத்து மணிக்குக் கழிப்பறைக்குப் போனால் சிறுநீர் அடர் மஞ்சளாக இருக்கிறது. இது தாகமா, நோயா?

மஞ்சள் எங்கிருந்து வருகிறது?

நம் இரத்தச் சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள். அவை சிதையும்போது பிலிருபின் என்ற கழிவு உண்டாகிறது. கல்லீரல் அதைப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்புகிறது. குடல் பாக்டீரியாக்கள் அதை நிறமற்ற யுரோபிலினோஜனாக மாற்றுகின்றன. அதில் ஒரு பங்கு இரத்தத்தில் ஏறி, சிறுநீரகம் வழியே வெளியேறி, ஆக்சிஜனோடு சேர்ந்து யுரோபிலின் என்ற மஞ்சள் நிறமியாகிறது. பாக்டீரியாக்கள் இந்த மாற்றத்தைச் செய்யப் பயன்படுத்தும் நொதி எது என்பதை, 2024 ஜனவரியில்தான் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘நேச்சர் மைக்ரோபயாலஜி’ இதழில் அறிவித்தார்கள்.

தண்ணீர் குறைந்தால்...

நலமாக உள்ளவருக்கு அன்றாடம் வெளியேறும் நிறமி பெரிதாக மாறுவதில்லை. அதைக் கரைக்கும் தண்ணீர்தான் கூடிக் குறைகிறது. வெயிலில் உணவு விநியோகம் செய்பவர், கட்டுமானத் தொழிலாளி, தைப்பூசத்தன்று பத்துமலைக்கு நடப்பவர் ஆகியோர் வியர்வையில் நீரை இழப்பதால் நிறம் அடர்கிறது. வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சலிலும் அப்படியே. இரண்டு மூன்று குவளை தண்ணீர் குடித்துச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். நிறம் வெளுத்தால் கவலையில்லை. இதய, சிறுநீரக நோய்க்காகத் தண்ணீர் அளவு குறிக்கப்பட்டவர்கள் மட்டும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

வெளுத்த சிறுநீர் எல்லாம் நல்லது என்றும் நினைக்காதீர்கள். சர்க்கரை மிகுந்தவருக்கு அடிக்கடி, நிறைய, நிறமின்றிப் போகும். அடங்காத தாகமும் சேர்ந்தால் இரத்தச் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும்.

மாத்திரையும் நிறம் மாற்றும்

பி வைட்டமின் மாத்திரையில் உள்ள ரிபோஃபிளேவின் சிறுநீரைப் பளிச்சென்ற மஞ்சளாக்கும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் ஆரஞ்சு, செம்மஞ்சள் ஆக்கும். இவற்றால் கெடுதல் இல்லை. நிறத்துக்குப் பயந்து காசநோய் மருந்தை நிறுத்துவதுதான் ஆபத்து.

தே-ஓ நிறம் வந்தால்

தண்ணீர் குடித்தும் சிறுநீர் தே-ஓ போல் பழுப்பாகவே இருந்தால், கல்லீரலையும் பித்தக் குழாயையும் சந்தேகிக்க வேண்டும். பிலிருபின் குடலுக்குப் போக முடியாமல் நேரே சிறுநீரில் இறங்குகிறது. அதனால் கண் மஞ்சளாகும்; மலம் களிமண் நிறத்தில் வெளுக்கும்; உடல் அரிக்கும். கல்லீரல் அழற்சி, பித்தக்கல், கணையக் கட்டி ஆகியவை இதற்குக் காரணமாகலாம். மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 1989இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்கள் ஒருமுறை இரத்தம் சோதித்துக்கொள்வது நல்லது.

வெள்ளமும் ஒரு காரணம். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். எலியின் சிறுநீர் கலந்த நீரில் கால் வைத்தவருக்கு லெப்டோஸ்பைரோசிஸ் வரலாம். இரண்டு நாள் முதல் நான்கு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், வெள்ளத்தில் நடந்ததை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கீழாநெல்லி போதுமா?

மஞ்சள்காமாலை என்றதும் நம் வீடுகளில் கீழாநெல்லியை அரைப்பார்கள். 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களில் கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது. போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்வந்த ஆய்வுகள் இந்தப் பலனை உறுதிப்படுத்தவில்லை. பித்தக்கல் அடைப்பை எந்த இலையும் நீக்காது. கீழாநெல்லியை நம்பிக் காத்திருக்கும் இரண்டு வாரத்தில் நோய் முற்றிவிடலாம்.

எப்போது போக வேண்டும்?

தண்ணீர் குடித்தும் இரண்டு நாளில் நிறம் மாறாவிட்டால், அல்லது எரிச்சலும் துர்நாற்றமும் இருந்தால் அருகிலுள்ள கிளினிக்கில் சிறுநீரைச் சோதியுங்கள். கண் மஞ்சள், வெளுத்த மலம், சிறுநீரில் இரத்தம், கடும் உடற்பயிற்சிக்குப் பின் கோலா நிறம் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஜி6பிடி குறைபாடுள்ள பிள்ளைக்குச் சிறுநீர் கறுத்தாலும் அன்றே செல்லுங்கள். மயக்கம், குழப்பம், பல மணி நேரம் சிறுநீரே வராமை என்றால் 999ஐ அழையுங்கள்.

நாளைக் காலை வண்டியில் ஒரு போத்தல் தண்ணீர் இருக்கட்டும். கழிப்பறையில் தண்ணீரை ஊற்றும் முன் நிறத்தையும் ஒரு பார்வை பாருங்கள்.