இந்தோனேசிய மரபு வாள்கள்

இந்தோனேசிய மரபு வாள்கள் என்பவை இந்தோனேசியத் தீவுகளில் வாழும் பல்வேறு இனக்குழுக்கள் வழிவழியாகச் செய்து பயன்படுத்திய வாள்கள், வெட்டுக்கத்திகள், குத்துவாள்கள் ஆகியனவாகும். பெடாங் (வாள்), பாராங் (வெட்டுக்கத்தி) என்பன பொதுப்பெயர்கள். ஆதலால் இப்பெயர்களை மட்டும் கொண்டு ஓர் ஆயுதத்தின் பிறப்பிடத்தை அறிய இயலாது. அலகு, கைப்பிடி, உறை ஆகிய மூன்றையும் சேர்த்தே ஆராய வேண்டும்.

பகுதிவாரியான வகைகள்

* ஆச்சே (வட சுமாத்திரா): ரென்சோங் என்னும் குத்துவாளின் கைப்பிடி வளைந்திருக்கும். சிக்கின் பாஞ்சாங் என்பது நேரான நீண்ட வாள். இதன் கைப்பிடி நுனி இரண்டாகப் பிளந்திருக்கும்.
* நியாஸ்: பலாத்தோ எனப்படும் வாளின் கைப்பிடி லசாரா என்னும் தொன்ம விலங்கின் தலையாகச் செதுக்கப்படும். சிலவற்றின் உறையில் விலங்குப் பற்களும் தாயத்துகளும் கட்டப்பட்டிருக்கும்.
* மேற்கு ஜாவா: சுண்டா மக்களின் கூஜாங், வளைந்த அலகில் சிறு துளைகள் கொண்டது.
* களிமந்தான்: தயாக் மக்களின் மண்டாவ் வாளில் அலகின் ஒரு பக்கம் சற்றுக் குழிந்தும் மறுபக்கம் புடைத்தும் இருக்கும். கைப்பிடி பெரும்பாலும் மான்கொம்பால் ஆனது. உறையுடன் ஒரு சிறுகத்தியும் இணைந்திருக்கும்.
* சுலாவெசி: பூகிஸ், மக்காசார் மக்களின் பாடிக் என்னும் குறுங்கத்தி.

கெரிஸ்

கெரிஸ் (கிரிஸ்) பல தீவுகளில் காணப்படுவதால் அதன் பகுதியை அறிவது கடினம். இதன் அலகு கைப்பிடியருகே ஒருபுறம் அகன்று சமச்சீரின்றி இருக்கும். நேரான அலகுகளும் உண்டு. வளைவுகள் இருப்பின் அவற்றின் எண்ணிக்கை ஒற்றைப்படையாகவே அமையும். பாலித்தீவின் கெரிஸ்கள் பொதுவாக ஜாவாவினதை விடப் பெரியவை. ஜாவாவிலேயே சடங்குக்குரிய உறை சுராகார்த்தாவில் லட்ராங் எனவும், யோக்யகார்த்தாவில் பிராங்கா எனவும் வேறுபடும். யுனெஸ்கோ 2005 ஆம் ஆண்டில் கெரிசை மனிதகுலத்தின் வாய்மொழி மற்றும் அருவ மரபுச் செல்வமாக அறிவித்தது.

அடையாளம் காண்பதில் உள்ள இடர்கள்

அலகுகள் வணிகத்தின் வழியே தீவு விட்டுத் தீவு சென்றன. கைப்பிடியும் உறையும் பின்னர் மாற்றப்படுவதுண்டு. எனவே உறை ஓரிடத்தையும் அலகு வேறோர் இடத்தையும் காட்டக்கூடும். பெயரும் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லலாம். கிளேவாங் என்பது மரபு வாளின் பெயர். ஆயினும் எஃகுக் கைக்காப்புடன் கூடிய 1898 மாதிரிக் கிளேவாங், டச்சுக் குடியேற்றப் படைக்காகச் செய்யப்பட்டதாகும். அமெரிக்கக் கடற்படையின் 1917 மாதிரிக் குறுவாள் இதனைத் தழுவியது.

ஜாவா இளவரசர் டிபொனெகோரோவின் கெரிஸ் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1831 இல் நெதர்லாந்து மன்னருக்கு அளிக்கப்பட்ட இது பின்னர் அருங்காட்சியகத் தொகுப்பில் அடையாளம் தெரியாமற் போயிற்று. நீண்ட ஆய்வுக்குப் பின் லைடன் நகர அருங்காட்சியகத்தில் கண்டறியப்பட்டு, 2020 மார்ச்சில் இந்தோனேசியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. எனினும் ஆவணத்திலுள்ள "நாக சிலுமான்" என்ற பெயர் அலகில் உள்ள நாக வடிவத்துடன் பொருந்தவில்லை எனச் சிலர் ஐயம் எழுப்பினர். வடிவத்துடன், ஒரு பொருள் கைமாறிய வரலாற்றுக்கான சான்றும் தேவை என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.