ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டா போன் வீணாகுமா? பேட்டரியின் உண்மையான எதிரி எது? - முழு விளக்கம்

"ராத்திரி பூரா சார்ஜ்ல போட்டு வைக்காத, பேட்டரி போயிடும்!" - இது அம்மா சொல்வது. "ஜீரோ ஆகுற வரைக்கும் யூஸ் பண்ணிட்டு சார்ஜ் போடுங்க, அப்பதான் நிக்கும்" - இது செல்போன் கடை அண்ணன் சொல்வது. "எப்பவும் 100% ஏத்தி வச்சுக்கோ" - இது நண்பர் சொல்வது.

மூணுல எது சரி? சுருக்கமாகச் சொன்னால், அம்மா சொல்வதில் பாதி உண்மை. மற்ற இரண்டும் இன்றைய போன்களுக்குப் பொருந்தாது. அதைவிட முக்கியமான ஒரு விஷயத்தை இவங்க மூணு பேருமே சொல்லவில்லை. என்னவென்று பார்ப்போம்.

'ஜீரோ ஆகட்டும்' என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது?

பழைய கார்டுலெஸ் போன்களிலும் ஆரம்பகால செல்போன்களிலும் இருந்தது நிக்கல்-காட்மியம் பேட்டரி. அதை முழுசாகத் தீர்க்காமல் பாதியிலேயே மறுபடி மறுபடி சார்ஜ் போட்டால், அதன் கொள்ளளவு குறைந்ததுபோல ஆகிவிடும். இதை 'மெமரி எஃபெக்ட்' என்பார்கள். அதனால் அன்றைக்கு 'ஜீரோ ஆகட்டும்' என்பது நல்ல அறிவுரைதான்.

இப்போது நம் கையில் இருப்பது லித்தியம்-அயன் வகை. 1991-ல் சோனி நிறுவனம் இதை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதன் வளர்ச்சிக்குக் காரணமான ஜான் குட்எனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இந்த பேட்டரிக்கு மெமரி பிரச்சினை கிடையாது. சொல்லப்போனால், அடிக்கடி ஜீரோ வரை விடுவதுதான் இதற்குக் கெடுதல். பேட்டரி மாறிவிட்டது, அறிவுரை மட்டும் மாறவில்லை!

பேட்டரி எப்படித் தேய்கிறது?

கூட்ட நேரத்து டவுன் பஸ்ஸை நினைச்சுப் பாருங்க. பஸ் காலியாக இருக்கும்போது ஆட்கள் மடமடவென ஏறிவிடுவார்கள். கடைசி 20 பேரை ஏற்றத்தான் கண்டக்டர் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்த வேண்டும். நெருக்கித் தள்ளித்தான் ஏற்ற முடியும்.

போன் பேட்டரிக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய் உட்காருகின்றன. 80% வரை சுலபமாக இடம் கிடைக்கும். அதற்கு மேல் இடம் தேடி உட்கார வேண்டும். அதனால்தான் 20-லிருந்து 80 வரை வேகமாக ஏறும் போன், கடைசி 20%-க்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது. அந்த முழு நிலையில் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும். பேட்டரிக்குள் நடக்கும் வேண்டாத வேதிவினைகளும் அப்போதுதான் அதிகமாகும்.

அடுத்து 'சார்ஜ் சைக்கிள்'. ஒருமுறை வயரைச் சொருகினால் ஒரு சைக்கிள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மொத்தமாக 100% அளவுக்குச் செலவழித்தால்தான் ஒரு சைக்கிள். இன்றைக்கு 60%, நாளைக்கு 40% செலவானால் இரண்டும் சேர்ந்துதான் ஒன்று. எனவே இடையிடையே கொஞ்சம் கொஞ்சமாக சார்ஜ் போடுவதில் எந்தத் தப்பும் இல்லை.

ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 சைக்கிள்களுக்குப் பிறகும், ஐபோன் 15 முதல் வந்தவை 1000 சைக்கிள்களுக்குப் பிறகும் 80% கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்கிறது ஆப்பிள். தினமும் ஒரு சைக்கிள் என்று வைத்தால் 500 என்பது சுமார் ஒன்றரை வருஷம், 1000 என்பது இரண்டே முக்கால் வருஷம். ஆனால் இது உகந்த சூழலில் பயன்படுத்தினால் கிடைக்கும் கணக்கு. நம்ம ஊர் சூழல் உகந்ததா என்பதுதான் கேள்வி.

உண்மையான எதிரி: சூடு

அந்த மூணு பேரும் சொல்லாமல் விட்டது இதைத்தான். போனைப் பயன்படுத்த 16 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரை உகந்தது என்றும், சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம் என்றும் ஆப்பிள் எச்சரிக்கிறது. சித்திரை வெயிலில் சென்னையும் வேலூரும் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குச் சகஜம்.

இப்போது டெலிவரி வேலை பார்க்கும் ஒருவரை நினைச்சுப் பாருங்க. மத்தியானம் ஒரு மணி. பைக் ஹேண்டில்பாரில் போன், நேரடி வெயில். மேப் ஓடுகிறது, ஸ்கிரீன் முழு வெளிச்சத்தில் இருக்கிறது, டேட்டா ஆன். இதெல்லாம் போதாதென்று பவர் பேங்க்கில் சார்ஜும் ஏறுகிறது. வெயில் சூடு, பிராசஸர் சூடு, சார்ஜிங் சூடு என்று மூன்றும் ஒரே நேரத்தில் பேட்டரியைத் தாக்குகின்றன. ராத்திரி கட்டில் ஓரம் சார்ஜில் கிடக்கும் போனைவிட இந்த போனுக்குத்தான் ஆபத்து அதிகம். அந்த போன் நின்றால் அவருடைய அன்றைய வருமானமும் நின்றுபோகும்.

என்ன செய்யலாம்? ஆர்டருக்காகக் காத்திருக்கும் நேரத்தில் போனை ஹோல்டரிலிருந்து எடுத்து நிழலில் வைத்து சார்ஜ் போடலாம். தடிமனான கவரைக் கழற்றிவிடலாம். நேரடி வெயில் படாமல் மறைப்புள்ள ஹோல்டர் பயன்படுத்தலாம்.

ஒரு எச்சரிக்கை: சூடாகிவிட்டது என்று போனை ஃபிரிட்ஜில் வைக்காதீங்க! திடீர் குளிர்ச்சியால் உள்ளே நீர்த்துளி படிந்து போனே பழுதாகலாம். நிழலும் ஃபேன் காற்றும் போதும்.

அப்போ ராத்திரி முழுக்க சார்ஜ் போடலாமா?

போடலாம், ஆனால் கவனத்தோடு. 100% ஆனதும் போனுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டு சிப் சார்ஜ் ஏறுவதை நிறுத்திவிடும். அதனால் நல்ல போன், நல்ல சார்ஜர் என்றால் 'ஓவர் சார்ஜ்' ஆகும் பயம் வேண்டாம்.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. 12 மணிக்கே 100% ஆன போன், காலை 6 மணி வரை அந்த முழு நிலையிலேயே கிடக்கிறது. அதுவும் தலையணைக்கு அடியிலோ போர்வைக்குள்ளேயோ இருந்தால் சூடு வெளியேற வழியே இல்லை. அம்மா சொன்னதில் பாதி உண்மை என்றது இதைத்தான்.

இதற்குத் தீர்வு போனிலேயே இருக்கிறது. ஐபோனில் 'ஆப்டிமைஸ்டு பேட்டரி சார்ஜிங்', கூகுள் பிக்ஸலில் 'அடாப்டிவ் சார்ஜிங்', சாம்சங்கில் 'பேட்டரி புரொடெக்ஷன்' என்று இருக்கும். ஐபோனில் இந்த வசதி, நீங்கள் எழும் நேரத்தைக் கற்றுக்கொண்டு, 80%-ல் காத்திருந்து, எழுவதற்கு முன் மீதியை ஏற்றும். மற்ற பல நிறுவனங்களின் போன்களிலும் செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குள் இதுபோன்ற வசதி இருக்கும். ஒருமுறை ஆன் செய்தால் போதும்.

80%-ல் நிறுத்தியே ஆகணுமா?

சோஷியல் மீடியாவில் அதிகம் சொல்லப்படும் டிப்ஸ் இது. உண்மைதான், ஆனால் எல்லோருக்கும் தேவையில்லை. 5000 எம்ஏஎச் பேட்டரியை 80%-ல் நிறுத்தினால் தினமும் உங்களுக்குக் கிடைப்பது 4000 எம்ஏஎச்தான். இரண்டு மூன்று வருஷம் கழித்துக் குறையப்போகும் அளவை இன்றைக்கே விட்டுக்கொடுக்கிற மாதிரி.

ஆபீஸில் பிளக் பாயின்ட் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை செய்பவருக்கு 80% தாராளம். நாள் முழுக்க ரோட்டில் இருப்பவர், ஊருக்குப் போகிறவர் எல்லாம் தயங்காமல் 100% ஏற்றிக்கொள்ளலாம். பேட்டரி நமக்காகத்தான், நாம் பேட்டரிக்காக இல்லை. 20%-க்குக் கீழ் அடிக்கடி விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஃபாஸ்ட் சார்ஜிங் கெடுதலா?

போனோடு வந்த சார்ஜர், அல்லது அந்த போனுக்கென்று நிறுவனம் பரிந்துரைத்த சார்ஜர் என்றால் பயப்பட வேண்டாம். பேட்டரி சூடானாலோ நிரம்பத் தொடங்கினாலோ போனே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் சார்ஜ் போட்டபடி கேம் விளையாடுவதும், கவரோடு ஒயர்லெஸ் சார்ஜரில் மணிக்கணக்கில் வைப்பதும் சூட்டைக் கூட்டும்.

பயப்பட வேண்டியது, பிளாட்பாரத்தில் கிடைக்கும் பெயர் தெரியாத சார்ஜருக்கு. இந்தியாவில் மொபைல் சார்ஜர்களுக்கும் பவர் பேங்க்குகளுக்கும் பிஐஎஸ் பதிவு கட்டாயம். சார்ஜரில் அந்த முத்திரையோடு, 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கும். 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் அந்த எண்ணைப் போட்டு நீங்களே சரிபார்க்கலாம்.

போன் உப்பினால் உடனே நிறுத்துங்க

போனின் பின்பக்கம் லேசாகத் தூக்கியிருக்கிறதா? ஸ்கிரீன் ஓரத்தில் இடைவெளி தெரிகிறதா? மேஜையில் வைத்தால் ஆடுகிறதா? பேட்டரிக்குள் வாயு உருவாகி உப்பியிருக்கலாம். அப்படியானால்,

- சார்ஜ் போடாதீங்க. போனை ஆஃப் செய்யுங்க.
- அழுத்தாதீங்க, ஊசியால் குத்தாதீங்க. தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.
- துணி, பேப்பர், மெத்தை பக்கத்தில் வைக்காதீங்க.
- சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய் மாற்றுங்க. கழற்றிய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாமல் அங்கேயே ஒப்படைத்துவிடுங்க.

புது போனா, புது பேட்டரியா?

"போன் ஸ்லோ ஆயிடுச்சு, மாத்திடலாம்" என்று இஎம்ஐ போடுவதற்கு முன் ஒரு நிமிஷம். திடீரென்று போன் அணைந்துவிடாமல் இருக்க, பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைப்பதாக 2017-ல் ஆப்பிளே ஒப்புக்கொண்டது. பேட்டரியை மாற்றினால் அந்த வேகம் திரும்பிவிடும். அதாவது, வயசானது போனுக்கு இல்லை, பேட்டரிக்குத்தான்.

ஐபோனில் செட்டிங்ஸ், பேட்டரி, 'பேட்டரி ஹெல்த்' என்று போனால் எத்தனை சதவீதம் மிச்சம் என்று தெரியும். சாம்சங்கில் 'சாம்சங் மெம்பர்ஸ்' ஆப்பில் சோதிக்கலாம். 80%-க்குக் கீழ் போய், மத்தியானத்துக்குள்ளேயே சார்ஜ் தீர்ந்தால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்க. அதற்கு ஆகும் செலவு, புது போன் விலையில் ஒரு சிறு பகுதிதான்.

ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் ஸ்மார்ட்போன்களின் பேட்டரி, 800 சைக்கிள்களுக்குப் பிறகும் 80% கொள்ளளவோடு இருக்க வேண்டும் என்பது சட்டம். இனி போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதோடு, "பேட்டரி எத்தனை சைக்கிள் தாங்கும்?" என்றும் கேளுங்க.

இன்றைக்கு ராத்திரி சார்ஜ் போடும்போது ஒன்றே ஒன்று செய்யுங்க. போனைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து, காற்றுப்படும் இடத்தில், மேஜை மேல் வையுங்க. உங்க பேட்டரிக்கு அதுவே பெரிய உதவி!