டப்பாவுக்குள் எத்தனை கிராம்?

விலை உயர்ந்த புரோட்டீன் பவுடரை வாங்கத்தான் வேண்டுமா? மந்திர் மார்க்கில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் மாத பட்ஜெட்டில் எழுந்த கேள்வி.

கறுப்பு டப்பா. தங்க எழுத்து. உயரம் ஏறத்தாழ ஓர் எவர்சில்வர் தூக்குவாளி அளவு. மந்திர் மார்க்கை ஒட்டிய அரசுக் குடியிருப்பில், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் அந்தத் தமிழர் அதை மேஜை மேல் வைத்துவிட்டு, "நீங்களே பாருங்க சார். ஒரு கிலோ மாவு. நாலாயிரம் ரூபாய்க்கு இருநூறுதான் குறைவு" என்றார். 22 வயது மகன் டெல்லி போலீஸ் கான்ஸ்டபிள் தேர்வுக்குத் தயாராகிறான். ஜிம்மில் யாரோ சொன்னார்களாம், தினம் இரண்டு கரண்டி. அந்தக் கணக்கில் ஒரு டப்பா 16 நாளைக்கு மேல் தாங்காது. மாதம் ஏழாயிரத்துச் சொச்சம். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்ததிலிருந்து ஒரு பகுதி ஏற்கனவே அதில் கரைந்துவிட்டது.

"அங்கிள், வெறும் சாம்பார் சாதத்துல பாடி வராது" என்றான் பையன், அப்பாவைப் பார்க்காமல்.

அவன் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் செலவு வைக்கிறது.

டப்பாவின் முதுகில் 'வே ஐசொலேட்' என்று எழுதியிருந்தது. பெயர்தான் புதிது, பொருள் புதிதல்ல. பாலைத் திரித்தால் பனீரோ சீஸோ ஒரு பக்கம் கட்டியாகும். மறுபக்கம் இளம்பச்சை கலந்த ஒரு நீர் தெளியும். அந்த நீர்தான் வே. இந்தத் தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில் கோல் மார்க்கெட். அங்கே ரசகுல்லாவுக்குப் பால் திரிக்கும் இனிப்புக் கடைச் சமையல்காரருக்கு இந்த நீரைத் தெரியும். மேற்கத்திய நாடுகளின் சீஸ் ஆலைகள் ஒரு காலத்தில் அதைப் பன்றிகளுக்கு ஊற்றின, ஆற்றில் விட்டன. சுற்றுச்சூழல் சட்டங்கள் இறுகின, சவ்வு வழியாக வடிகட்டும் தொழில்நுட்பம் 1970-களில் கைகொடுத்தது, கழிவு சரக்கானது.

இதற்கு இத்தனை விலை ஏன் என்பதற்கும் அந்த நீரிலேயே பதில் இருக்கிறது. சீஸ் ஆலையில் தெளியும் ஒரு லிட்டர் நீரில் இருக்கும் புரதம் ஆறேழு கிராம்தான். நம்மூர்ப் பனீர்த் தண்ணீரில் அதைவிடக் குறைவு, ஏனென்றால் பாலைக் கொதிக்க வைக்கும்போதே ஒரு பங்கு பனீரோடு ஒட்டிக்கொண்டுவிடுகிறது. ஆகவே ஒரு கிலோ டப்பாவை நிரப்ப நூறு லிட்டருக்கு மேல் வடிகட்டி உலர்த்த வேண்டும். 80 சதவீதம் வரை புரதம் நிற்கும்படி நிறுத்தினால் அது 'கான்சென்ட்ரேட்'. இன்னும் வடிகட்டி 90 சதவீதத்தைத் தொட்டால் 'ஐசொலேட்'. இந்த இரண்டாவதற்குத்தான் தங்க எழுத்து. இரண்டுக்கும் இடையே முக்கிய வேறுபாடு, பின்னதில் பால் சர்க்கரையான லாக்டோஸ் அனேகமாக இருக்காது. பால் குடித்தால் வயிறு உப்பும் ஆசாமிக்கு அது காசு கொடுக்கத் தக்க விஷயம். பையனோ தினம் இரண்டு டம்ளர் பால் குடிக்கிறவன்.

சரி, அவனுக்கு எவ்வளவு வேண்டும்? ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் (இதன் வேர் நம் குன்னூரில் 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வுக்கூடம்) 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம். 65 கிலோ ஆணுக்கு 54 கிராம். எடை தூக்கிப் பயிற்சி செய்பவர்களுக்கு இது போதாது என்பது உண்மைதான். 2018-ல் பிரிட்டனின் விளையாட்டு மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, 49 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 1,863 பேரையும் ஒன்றாக வைத்துப் பார்த்தது. கிலோவுக்கு 1.6 கிராம் வரை புரதம் ஏற ஏறப் பலன். அதற்கு மேல் சாப்பிடுவது தசையாக மாறவில்லை. பலன் என்பதும் எவ்வளவு? கூடுதல் புரதம் சாப்பிட்டவர்களுக்குக் கொழுப்பற்ற எடை மற்றவர்களைவிடச் சராசரியாக 300 கிராம் அதிகம் ஏறியது. மற்றதெல்லாம் பயிற்சி செய்த வேலை. 2024-ல் தேசிய நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, உடம்பை ஏற்றப் புரதப் பவுடர்களைத் தவிர்க்கும்படியே சொல்லிவிட்டது.

1.6 என்றால் பையனுக்கு 104 கிராம். வீட்டில் அவன் சாப்பிடுவதை ஒரு தாளில் எழுதினோம். காலை நாலு இட்லி சாம்பார், மதியம் சாதம், கூட்டு, தயிர், இரவில் சப்பாத்தி, பருப்பு, இரண்டு டம்ளர் பால். உத்தேசமாக 55 கிராம். ஆக, சாம்பார் சாதத்தில் போதாது என்று அவன் சொன்னது சரி. சுமார் 50 கிராம் குறைகிறது. அதை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் அப்பாவும் பிள்ளையும் பிரிகிறார்கள்.

ஒரு கரண்டி பவுடரின் புரதமான 25 கிராமையே அளவுகோலாக வைத்துக்கொள்வோம். டெல்லிக் கடைகளின் இன்றைய ஏறத்தாழ விலையில், அந்தக் கறுப்பு டப்பாவில் அது 115 ரூபாய். உள்நாட்டுக் கான்சென்ட்ரேட் வகைகளில் 60 முதல் 80 ரூபாய். அமுல் போன்ற கூட்டுறவு அமைப்பே இப்போது வே பவுடர் விற்கிறது. பாக்கெட் பாலில் எடுத்தால் முக்கால் லிட்டருக்குச் சற்று மேல், 45 ரூபாய். கொழுப்பு நீக்கிய பால் பவுடரில் (நூற்றுக்கு 35 பங்குக்கு மேல் புரதம்) 35 ரூபாய். நாலு முட்டையில் 30 ரூபாய். பொட்டுக்கடலையில் 17 ரூபாய். சோயா உருண்டை, அதாவது நம் கல்யாணப் பிரியாணியின் மீல் மேக்கர், உலர்ந்த எடையில் பாதிக்கு மேல் புரதம். 50 கிராம் ஊறவைத்தால் போதும், செலவு ஏழெட்டு ரூபாய்.

பையன் தாளை வாங்கி இரண்டு முறை பார்த்தான். மீல் மேக்கர் எண்ணை நம்பவில்லை.

நம்பலாம், ஆனால் இந்தக் கணக்கில் ஓட்டைகளும் உண்டு. பொட்டுக்கடலையில் 25 கிராம் புரதம் வேண்டுமென்றால் 115 கிராம் தின்ன வேண்டும். கூடவே நானூறு கலோரிக்கு மேல் வரும், வாயுவும் வரும். பருப்புப் புரதம் பால், முட்டைப் புரதம் அளவுக்கு ஜீரணமாவதில்லை. கால் பங்கு கூட்டிக்கொள்வது நல்லது. பருப்பில் மெத்தியோனின் குறைவு, அரிசியில் லைசின் குறைவு. இட்லியும் பொங்கலும் இரண்டையும் ஒரே பானையில் போட்டுப் பல நூற்றாண்டுகளாக அதைச் சரிக்கட்டி வருகின்றன. தசை கட்டத் தூண்டும் லியூசின் வே-யில் அதிகம் என்பதும் மெய். முட்டை தொடாத, பாலும் ஒத்துக்கொள்ளாத, தினம் ஒரு மணி நேரம் எடை தூக்கும் ஒருவருக்கு ஒரு கரண்டி பவுடர் சௌகரியம்தான். சௌகரியத்துக்கு விலை உண்டு. அதை மருந்து என்று நினைத்துக் கொடுப்பதில்தான் ஏமாற்றம்.

(பீகாரிகள் கோடையில் கரைத்துக் குடிக்கும் 'சத்து', வறுத்த கடலை மாவேதான். டெல்லியில் தெருமுனையில் கிடைக்கும். நம் 'சத்துமாவு' காதுக்கு அதன் உடன்பிறப்பு போல ஒலித்தாலும், அது 'சக்து'விலிருந்தும் இது 'சத்வ'த்திலிருந்தும் வந்தவை. டம்ளரில் ஊற்றினால் வேற்றுமை தெரியாது.)

புரதத்தை மாவாக்கி விற்கும் ஆசை ஜிம்மில் பிறந்ததல்ல. ஏழை நாடுகளின் பட்டினிக்குக் காரணம் புரதக் குறைவே என்று உலகம் ஒரு காலத்தில் நம்பியது. 1968-ல் ஐ.நா. 'நெருங்கி வரும் புரத நெருக்கடி' பற்றி எச்சரித்து அறிக்கையே வெளியிட்டது. மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் எண்ணெய் எடுத்த நிலக்கடலை மாவு மூன்று பங்கு, வறுத்த கடலை மாவு ஒரு பங்கு சேர்த்து, நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் புரதமுள்ள 'பல்பயன் உணவு' ஒன்றைச் செய்தது. மலிவு விலை புரோட்டீன் பவுடர் என்றால் நம் நாட்டில் அதுதான் முன்னோடி. அன்று எதிர்க் கேள்வி கேட்டவர்களில் ஒருவர் சேலத்தில் பிறந்த சி. கோபாலன், ஹைதராபாத் நிறுவனத்தின் இயக்குநர். மெலிந்த குழந்தைகளின் தட்டில் குறைந்தது புரதம் மட்டுமல்ல, சோறே குறைவு. வயிறார வழக்கமான உணவு கிடைத்தால் புரதமும் பெரும்பாலும் தானே வந்துவிடும் என்று அவரும் சகாக்களும் காட்டினார்கள். 1974-ல் லான்செட் இதழில் டொனால்ட் மெக்லாரன் எழுதிய கட்டுரை அந்தப் பதற்றத்தையே மாபெரும் தோல்வி என்று முடித்து வைத்தது. பிறகு தமிழ்நாடு பவுடரை நாடவில்லை. 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவில் பின்னாளில் முட்டை சேர்ந்தது. 2010 முதல் வாரத்துக்கு ஐந்து. இந்தியாவில் அரசு எடுத்த மிக நல்ல புரத முடிவு அதுவே என்பது என் கட்சி.

விலையைக் கூட விட்டுவிடலாம். விலை கொடுத்தால் எழுதியிருப்பது உள்ளே இருக்கிறதா? கேரளத்துக் கல்லீரல் நிபுணர் சிரியாக் அபி பிலிப்ஸும் சக ஆய்வாளர்களும் இந்தியாவில் விற்கும் 36 பவுடர்களை வாங்கி ஆய்வகத்தில் சோதித்து, 2024 ஏப்ரலில் 'மெடிசின்' இதழில் வெளியிட்டார்கள். 25 டப்பாக்களில், அதாவது பத்துக்கு ஏறத்தாழ ஏழில், புரத அளவு எழுதியபடி இல்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான். சுமார் 14 சதவீதத்தில் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு. 8 சதவீதத்தில் பூச்சிமருந்துத் தடயம்.

இப்படிக் குறைத்துப் போட்டாலும் சோதனையில் தப்ப முடிவது எப்படி? புரதத்தை நேரடியாக யாரும் அளப்பதில்லை. டென்மார்க்கின் கெல்டால் 1883-ல் வகுத்த முறையில் நைட்ரஜனை அளந்து, அதை 6.25 போன்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள். மலிவான கிளைசின், டாரின் போன்ற அமினோ அமிலங்களைக் கலந்தால் நைட்ரஜன் ஏறும், கணக்கில் புரதம் ஏறும், தசைக்கு ஒன்றும் ஏறாது. இதே ஓட்டையில்தான் சீனாவில் பாலில் மெலமைன் நுழைந்தது. 2008-ல் ஆறு பச்சிளம் குழந்தைகள் இறந்தன, மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. டப்பாவில் அச்சாகும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் நிறுவனத்துக்கு அனுமதி உண்டு என்பதற்குச் சான்று. கையிலிருக்கும் அந்த டப்பா சோதிக்கப்பட்டது என்பதற்கு அல்ல. வாங்கியே தீருவதானால், பேட்ச் எண்ணோடு வெளி ஆய்வகத்தின் அறிக்கையைக் காட்டும் நிறுவனத்திடம் வாங்கலாம். மலிவுப் பக்கமும் பூஞ்சை உண்டு: அஃப்ளடாக்சின் முதலில் பிடிபட்டதே நிலக்கடலையில்தான், 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தபோது. கறுத்த, கசக்கும் கடலையைப் பொறுக்கி எறிவது நம் பாட்டிகளின் வழக்கம். அதைக் கைவிட வேண்டாம்.

முட்டைக்கு ஒரு சிற்றடுப்பும், மீல் மேக்கருக்குக் கொஞ்சம் மிளகும் போட்டால் பையனின் 50 கிராம் நாளைக்கு நாற்பது ரூபாய்க்குள் முடிகிறது, மாதம் 1,200. கான்ஸ்டபிள் தேர்வில் கேட்பது 1,600 மீட்டர் ஓட்டம், நீளம் தாண்டுதல், உயரம் தாண்டுதல். புஜத்தின் சுற்றளவை யாரும் அளக்கப்போவதில்லை என்று அப்பா ஞாபகப்படுத்தினார். பையன் அதற்குப் பதில் சொல்லவில்லை.

கிளம்பும்போதுதான் உள் அறையில் படுத்திருந்த பாட்டியைக் கவனித்தேன். எழுபத்து நாலு வயது, 48 கிலோ. போன வருஷம் இடுப்பு எலும்பு முறிந்து தேறியவர். அன்றிலிருந்து ரசம் சாதமும் மோரும்தான். பல் இல்லை, பருப்பு ஒத்துக்கொள்ளவில்லை. நாளைக்கு 25 கிராம் புரதம் உள்ளே போனால் அதிகம். வயதானவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்று 2013-ல் சர்வதேச நிபுணர் குழு ஒன்று பரிந்துரைத்தது. வயதாக ஆகத் தசை தானே கரைகிறது, படுக்கையில் விழுந்தால் இன்னும் வேகமாக. மெல்லவும் முடியாமல் பசியும் இல்லாதவருக்குத்தான் ஒரு கரண்டியில் 25 கிராம் என்பது உபயோகமான பண்டம். அந்த வீட்டில் டப்பா தேவைப்பட்ட ஒரே ஆள் அவர். யாருக்கும் தோன்றவில்லை, அவரும் கேட்கவில்லை.

முதலில் கிரியேட்டினின் பார்த்து, சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுவிடச் சொன்னேன். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது கட்டாயம். இரண்டு வாரம் கழித்து அப்பா போன் செய்தார். ரிப்போர்ட் சரியாக இருந்ததாம். டப்பாவில் மிச்சமிருந்ததைப் பேரனே காலையும் மாலையும் பாலில் அரைக் கரண்டி கலக்கிக் கொடுக்கிறானாம். பாட்டிக்கு அந்தச் சாக்லேட் வாசனைதான் பிடிக்கவில்லையாம். அடுத்த முறை வாசனை இல்லாததாக, மலிவாக ஒன்று கிடைக்குமா என்று கேட்டார்.