அம்புக்குறி டயரைத் திருப்பி மாட்டினால்

சில கார் டயர்களின் பக்கவாட்டில் 'ரொட்டேஷன்' என்று எழுதி, ஒரு அம்புக்குறியும் போட்டிருக்கும். கார் முன்னால் போகும்போது சக்கரம் அந்தத் திசையில்தான் சுற்ற வேண்டும் என்று அர்த்தம். சரி, மாத்தி மாட்டிட்டா என்ன ஆகும்? டயர் வெடிச்சிடுமா?

வெடிக்காது. காய்ந்த ரோட்டில் பலருக்கு வித்தியாசமே தெரியாது. இரைச்சல் கூடலாம்; நாளடைவில் பட்டன் ஏறுமாறாகத் தேயலாம். சிக்கல் மழையில்தான்.

இந்த டயர்களின் காடிகள் ஆங்கில 'வி' வடிவத்தில் இருக்கும். சரியாக மாட்டினால் வி-யின் கூர்முனை முதலில் தரையைத் தொடும், கைகள் பிறகு. நடுவில் சிக்கும் தண்ணீர் இரண்டு ஓரங்களுக்கும் தள்ளப்படும். திருப்பி மாட்டினால் ஓரங்கள் முதலில் தொட்டு, தண்ணீரை நடுவுக்கே கூட்டிவரும். டிராக்டரின் பின் டயரிலும் இதே கணக்குதான். அங்கே வெளியேறுவது சேறு.

தண்ணீர் வெளியேற வழியில்லை என்றால் டயர் அதன் மேல் மிதக்க ஆரம்பிக்கும். ஸ்டீயரிங் லேசாகிவிடும், பிரேக் வேலை செய்யாது. நாசாவின் லாங்லி மையத்தில் வால்டர் ஹோர்ன் 1960களில் இதற்கு ஒரு எளிய சூத்திரம் தந்தார். நம் அளவில் சொன்னால், டயரின் காற்றழுத்தத்தை பிஎஸ்ஐ-யில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 16.7 ஆல் பெருக்க வேண்டும். 32 பிஎஸ்ஐ என்றால் மணிக்கு சுமார் 94 கி.மீ. காற்று 25-க்கு இறங்கினால் சுமார் 83. காடிகளால் சமாளிக்க முடியாத அளவு தண்ணீர் நிற்கும்போது பொருந்தும் கணக்கு இது. தண்ணீர் அதைவிடக் குறைவாக இருக்கும்போது நம்மைக் காப்பாற்றுவது காடிகள்தான். டயரைத் திருப்பி மாட்டும்போது அந்தப் பாதுகாப்பில் ஒரு பங்கு போய்விடுகிறது.

பெரும்பாலும் இந்தத் தவறு இடது டயரை வலது பக்கம் மாற்றும்போது நடக்கும். இந்த வகை டயரை அதே பக்கத்தில் முன்னும் பின்னுமாகத்தான் மாற்றலாம். பக்கம் மாற்றணும்னா ரிம்மிலிருந்து கழற்றி, திருப்பிப் போட்டு, மறுபடி பேலன்சிங் செய்யணும். ஸ்டெப்னியும் இதே வகை என்றால் ஒரு பக்கத்துக்குத்தான் சரியாகப் பொருந்தும். அவசரத்துக்கு மறுபக்கம் மாட்டலாம், ஆனால் மழையில் வேகத்தைக் குறைத்து ஓட்டுங்க, சீக்கிரம் மாத்திடுங்க.

கடையிலிருந்து வண்டியை எடுக்கும் முன் நான்கு டயரையும் ஒரு சுற்று பாருங்க. அம்புக்குறி சக்கரத்தின் மேல்பக்கம் இருக்கும்போது காரின் முகப்பை நோக்கி இருக்கணும். அவ்வளவுதான்.